மகிஸ்ட்ரா: பெயர் இருந்தது, பீடம் இருந்ததா?

லத்தீன் கற்பிக்கும் பள்ளிகளில் ஆசிரியை உள்ளே வந்ததும் மாணவர்கள் 'சல்வே, மகிஸ்ட்ரா' என்று வணக்கம் சொல்வதைப் பல நாடுகளில் கேட்கலாம். ஆசிரியர் ஆணாக இருந்தால் அது 'மகிஸ்டர்'. ஆண்பால், பெண்பால் என்று இந்த இணையைப் பாடப்புத்தகங்கள் தொடக்கத்திலேயே அறிமுகப்படுத்திவிடும். ஒரு விகுதி மாறுகிறது, மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. ரோமாபுரியில் ஆசிரியர்களும் ஆசிரியைகளும் பக்கத்துப் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்தினார்கள், மொழி இருவருக்கும் ஒரே தரத்தில் பெயர் கொடுத்தது என்ற எண்ணம் கற்பவர் மனத்தில் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதற்கு நேரெதிரான வாதமும் உண்டு. மகிஸ்ட்ரா என்பது இலக்கணம் பெற்றுப்போட்ட சொல், அதற்குப் பின்னால் ஆளும் இல்லை, அதிகாரமும் இல்லை என்பது அது. இரண்டில் எது சரி என்று பார்க்க, ஒரு பட்டத்தை எடைபோடும் மூன்று கேள்விகளை வைத்துக்கொள்வோம். அதைக் கொடுத்தவர் யார்? அதைத் தாங்கியவரின் சொல் யார்மீது செல்லுபடியாகும்? அது இல்லாதவரால் முடியாத எதை, அது இருந்ததால் செய்ய முடிந்தது? மூன்றுக்கும் விடை இருந்தால் அது பதவி. இல்லாவிட்டால் அது அழைப்புச் சொல், அல்லது அலங்காரம்.

மகிஸ்டர் என்ற சொல்லின் உள்ளே 'மாகிஸ்' இருக்கிறது. 'மிகுதியாக' என்று பொருள். அதன் எதிர்ச்சொல்லான 'மினிஸ்டர்', 'குறைவாக' எனப் பொருள்படும் 'மினுஸ்' என்பதிலிருந்து வந்தது. மேலே நிற்பவர் மகிஸ்டர், கீழே நின்று பணிசெய்பவர் மினிஸ்டர். ஆகவே மகிஸ்டர் முதலில் குறித்தது கற்பிப்பவரை அல்ல, பொறுப்பில் இருப்பவரை. சர்வாதிகாரிக்கு அடுத்த நிலையில் குதிரைப்படையை நடத்தியவர் ஒரு மகிஸ்டர். பேரரசின் பிற்காலத்தில் படைகளின் தலைமைத் தளபதியும், அரண்மனை அலுவலகங்களின் தலைவரும் மகிஸ்டர்கள். கப்பலை நடத்தியவருக்கும் மந்தையை மேய்த்த தலைமை இடையருக்கும்கூட அதே பெயர். எழுத்துப் பள்ளி நடத்தியவர் இந்த நீண்ட வரிசையில் ஒருவர், அதுவும் கடைசிப் படியில் நின்றவர். இந்தப் பதவிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெண்பால் வடிவம் தேவைப்பட்டதே இல்லை. விகுதி தயாராக இருந்தது. அதை ஏந்த ஆளுக்கு இடமில்லை.

இலக்கியத்தில் மகிஸ்ட்ரா எப்படி நடமாடுகிறாள்? பழைய சான்றுகளில் ஒன்று தெரென்ஸ் எழுதிய 'மாமியார்' நாடகத்தில் இருக்கிறது. இருமுறை மேடையேறித் தடைபட்டு, கி.மு. 160இல்தான் முழுதாக நிகழ்ந்த நாடகம் அது. மருமகள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். பழியெல்லாம் மாமியார் சொஸ்திராதாவின் தலையில் விழுகிறது. பெண்கள் எல்லோரும் ஒரே பள்ளியில் பொல்லாத்தனம் படித்தவர்கள், அப்படியொரு பள்ளி இருந்தால் அதற்கு நீதான் மகிஸ்ட்ரா என்று கணவர் திட்டுகிறார். அவள்மேல் குற்றமே இல்லை என்று நாடகம் பிறகு காட்டிவிடுகிறது. ஏச்சாகவே வந்தாலும் இந்தச் சான்று இரு பக்கமும் வெட்டுகிறது. 'பள்ளியை நடத்துபவள்' என்ற பொருள் பார்வையாளர்களுக்கு உடனே புரிந்திருந்தால்தான் சிரிப்பு வரும். எனவே சொல் உயிரோடு இருந்தது. ஆனால் அப்படியொரு பள்ளி இருக்குமானால் என்று பேச்சு தயங்குவதைப் பார்த்தால், அந்தப் பள்ளி கற்பனையில்தான் நடந்தது.

சிசெரோவிடம் வரும்போது மகிஸ்ட்ரா உயர்ந்துவிடுகிறாள். கி.மு. 55இல் எழுதிய 'பேச்சாளர் குறித்து' என்ற நூலில் வரலாற்றை வாழ்வின் மகிஸ்ட்ரா என்கிறார். வேறோரிடத்தில் தத்துவத்தை ஒழுக்கத்தின் மகிஸ்ட்ரா என்று போற்றுகிறார். ரோமர்கள் பெண்ணை ஆசிரியராக மதித்ததற்கு இதை ஆதாரமாகக் காட்டுபவர்கள் உண்டு. அந்த ஆதாரம் நிற்காது. லத்தீனில் வரலாறு, தத்துவம் இரண்டும் பெண்பால் பெயர்கள். அவற்றுக்கு ஆசிரியப் பெயர் சூட்டினால் இலக்கணப்படி பெண்பாலில்தான் வந்தாக வேண்டும். இதைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. மூத்த பிளினி, பழக்கத்தால் வரும் அனுபவத்தை எல்லாவற்றுக்கும் ஆற்றல் மிக்க ஆசிரியர் என்கிறார். அவர் எடுத்தாளும் 'ஊசுஸ்' ஆண்பால் சொல். உடனே ஆசிரியரும் மகிஸ்டர் ஆகிவிடுகிறார். கருத்து ஒன்றுதான், எழுவாயின் பால் மட்டும் மாறியது. சிசெரோவின் மகிஸ்ட்ரா எழுவாய்க்கு இசைந்து வந்த பயனிலை. அதில் பெண்ணுக்கான மரியாதை எதுவும் இல்லை.

இரண்டாம் நூற்றாண்டின் அபுலேயஸ் தன் கதையில் பாம்பிலே என்ற சூனியக்காரியைக் கல்லறை மந்திரங்கள் அனைத்துக்கும் மகிஸ்ட்ரா என்று ஊரார் நம்புவதாக எழுதுகிறார். அங்கே மகிஸ்ட்ரா உயிருள்ள பெண்தான், கைதேர்ந்தவளும்தான். ஆனால் அவளுடைய திறமை ஊர் அஞ்சும் திறமை.

புத்தகத்தை விட்டுக் கல்லுக்கு வருவோம். ரோமானியக் கல்லறைகள் தொழில்களின் பட்டியல். மருத்துவச்சிக்கு 'ஒப்ஸ்தெத்ரிக்ஸ்', செவிலிக்கு 'நூத்ரிக்ஸ்', பெண் மருத்துவருக்கு 'மெதிகா', தலைமுடி அலங்கரிப்பவளுக்கு 'ஒர்னாத்ரிக்ஸ்' என்று பெண்களின் வேலைகள் பெயர் பெயராகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச்சென்று கண்காணிக்கும் 'பெதகோகா'வும் இருக்கிறாள். எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் என்ற பொருளில் மகிஸ்ட்ராவைத் தேடினால் அரிதிலும் அரிது. சான்று இல்லாததையே சான்றாகக் கொள்ளலாமா என்று கேட்பது நியாயம். பெண்கள் கல்லில் இடம்பெறவே இல்லை என்றால் அந்தக் கேள்விக்கு வலு இருக்கும். பிற தொழில் செய்த பெண்கள் இடம்பெற்றிருக்கும்போது இவள் மட்டும் விடுபட்டிருப்பது தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

ஆவணங்களும் ஒத்துப்போகின்றன. கி.பி. 301இல் பேரரசர் தியோக்ளேத்தியன் வெளியிட்ட உச்சவரம்பு விலை ஆணையில் ஆசிரியர் ஊதியமும் வருகிறது. ஒரு மாணவனுக்கு மாதம் எழுத்து ஆசிரியருக்கு 50 தெனாரியஸ், கணக்கு ஆசிரியருக்கு 75, இலக்கண ஆசிரியருக்கு 200, சொற்பொழிவுக் கலை ஆசிரியருக்கு 250. எல்லாப் பெயரும் ஆண்பால். குயின்டிலியன் தன் கல்வி நூலில் கொர்னேலியா, லேலியா, ஹொர்தென்சியா என்று கற்றறிந்த பெண்களைப் புகழ்கிறார். ஆனால் அவர்களைப் பெற்றோர் கல்வி பற்றிப் பேசும் இடத்தில் வைக்கிறாரே தவிர ஆசிரியர்களின் வரிசையில் சேர்க்கவில்லை. கொர்னேலியாவின் பேச்சு அவள் பிள்ளைகளின் நாவன்மைக்கு உரமானது என்பது அவரே ஒப்புக்கொண்ட உண்மை. கற்பித்தல் நடந்தது, பெயர் வரவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. லத்தீனில் ஆணும் பெண்ணும் கலந்த கூட்டத்தைச் சொல்ல 'மகிஸ்த்ரி' என்ற ஆண்பால் பன்மையே போதும். அந்தப் பன்மைக்குள் பெண்கள் சிலர் மறைந்திருக்கலாம். எகிப்தின் கிரேக்கப் பாப்பிரஸ் சுவடிகளில் பெண் ஆசிரியர்கள் பற்றிய குறிப்புகள் இருப்பது இந்த ஐயத்துக்கு வலு சேர்க்கிறது. ஆனால் ஐயத்தை ஆசையாக மாற்றிவிடக் கூடாது. 1911இல் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி எகிப்தின் ஹவாராவில் ஓர் இளம்பெண்ணின் மம்மியைக் கண்டெடுத்தார். முக ஓவியத்தோடு 'ஹெர்மியோனே கிரம்மாத்திகே' என்ற கிரேக்க எழுத்து இருந்தது. அவள் ஆசிரியையாக இருந்திருப்பாள் என்ற எண்ணத்தில் அந்த மம்மி கேம்பிரிட்ஜில் அப்போது பெண்கள் கல்லூரியாக இருந்த கர்ட்டனுக்குப் போய்ச்சேர்ந்தது. அந்தச் சொல் எழுத்தறிந்தவள் என்று மட்டுமே பொருள்படக்கூடும் என்று பின்னால் வந்த அறிஞர்கள் வாதிட்டார்கள். பெண்களின் உயர்கல்விக்காகப் போராடிய தலைமுறைக்கு ஒரு முன்னோடி வேண்டியிருந்தது. அவர்கள் தேடியதில் தவறில்லை, ஒரு சொல்லின்மேல் அது தாங்காத பாரத்தை ஏற்றியதுதான் தவறு.

இதுவரை பார்த்தால் மகிஸ்ட்ரா வெற்றுச் சொல் என்பவர்கள் வென்றுவிட்டதாகத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். பள்ளியை விட்டுக் கோயிலுக்குள் போனால் காட்சி மாறுகிறது. போனா தேயா, அதாவது நல்ல தெய்வம் என்று ரோமர் வணங்கிய பெண் தெய்வத்தின் முக்கியச் சடங்கில் ஆண்களுக்கு இடமில்லை. அந்த வழிபாட்டின் பொறுப்பாளர்களான பெண்கள் மகிஸ்ட்ரா என்றே கல்வெட்டுகளில் பெயர் பொறித்துக்கொண்டார்கள். ரோமிலும் வடஇத்தாலியின் அக்விலேயாவிலும் அத்தகைய கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. அவர்களுக்குக் கீழே பணிசெய்தவள் 'மினிஸ்த்ரா'. ஆண்பால் இணையில் இருக்கும் மேல்கீழ் இங்கே அச்சுப் பிசகாமல் பெண்பாலிலும் நிற்கிறது. இது ஏச்சும் அல்ல, உருவகமும் அல்ல, பதவி. கி.பி. 112 வாக்கில் இளைய பிளினி கிறிஸ்தவர்களை விசாரித்தபோது, மினிஸ்த்ரா எனப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து உண்மை கேட்டதாகப் பேரரசர் திராஜனுக்கு எழுதினார். புதிய மதத்திலும் பெண்களுக்குப் பதவிப் பெயர் இருந்தது என்பதற்கு அந்தக் கடிதம் சாட்சி. ஆனால் அது கீழ்ப்படியின் பெயர்.

மேல்படியின் பெயரைக் கிறிஸ்தவம் மடங்களுக்குள் கொண்டுபோனது. பெண் கற்பிக்க அனுமதியில்லை என்று திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் சொல்லியிருந்தது. எவ்வளவு கற்றவளாக, புனிதமானவளாக இருந்தாலும் சபையில் ஆண்களுக்குப் பெண் கற்பிக்கத் துணியக் கூடாது என்ற பழைய விதியை, 1140 வாக்கில் கிராத்தியன் தொகுத்த திருச்சபைச் சட்டம் மறுபடி பதிந்துவைத்தது. தடை ஆண்களுக்குக் கற்பிப்பதற்குத்தான். பெண்களிடையே பெண் தலைமை ஏற்க வழி இருந்தது. அந்த வழியில்தான் இந்தச் சொல்லின் வரலாற்றிலேயே வலுவான ஆள் நுழைகிறார்.

1136இல் ஜெர்மனியின் டிசிபோடன்பெர்க் மடத்தின் பெண் துறவிகள், தங்களை அதுவரை வழிநடத்திய யூத்தா இறந்தபின் பிங்கனின் ஹில்டெகார்டைத் தங்கள் மகிஸ்ட்ராவாகத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று கேள்விகளையும் அவர்மீது வைத்துப் பார்க்கலாம். கொடுத்தவர்கள் யார்? அவரால் வழிநடத்தப்படவிருந்த பெண்களே. அதிகாரம் யார்மீது? அந்தப் பெண்கள்மீது. என்ன செய்ய முடிந்தது? ஆண்கள் மடத்தின் அதிபதி குனோ எதிர்த்தபோதும் ஹில்டெகார்ட் தன் துறவிகளை 1150 வாக்கில் ரூப்பெர்ட்ஸ்பெர்க்குக்கு இடம்பெயர்த்துத் தனி மடம் அமைத்தார். அவர்கள் கொண்டுவந்த சொத்துக்காக வாதாடினார். இறையியலும் இசையும் மருத்துவமும் எழுதினார். தடை இருந்தும் ரைன் பகுதி நகரங்களில் பொதுவில் பேசினார். மூன்று கேள்விக்கும் ஐயமற்ற விடை. மகிஸ்ட்ரா வெற்றுச் சொல் என்ற வாதம் இங்கே உடைந்துபோகிறது.

அதே நூற்றாண்டில் இத்தாலியின் சலெர்னோவில் இன்னொரு பெண்ணைச் சந்திக்கிறோம். பெண்களின் நோய் பற்றிய ஒரு மருத்துவ நூலில், தவறாக நோயறிந்து அறுவைக்கு உட்படுத்தவிருந்த ஒரு பெண்ணைப் பார்க்கத் திரோத்தா அழைக்கப்பட்டதாகவும், உண்மைக் காரணத்தை அவர் கண்டுபிடித்ததாகவும் ஒரு நிகழ்ச்சி வருகிறது. அந்தப் பணிக்கு அவர் மகிஸ்ட்ராவாக அழைக்கப்பட்டார் என்கிற அந்த வாசகத்தில் 'க்வாசி' என்றொரு சிறு சொல் சேர்ந்திருக்கிறது. 'ஆக' என்றும் கொள்ளலாம், 'ஆனவர் போல' என்றும் கொள்ளலாம். அறிவு உறுதி, அழைப்பும் உறுதி. பட்டம் மட்டும் அந்த ஈரடிச் சொல்லில் ஊசலாடுகிறது. 1566இல் வந்த ஒரு பதிப்பு, அவர் பெயரில் வழங்கிய நூலை எழுதியவர் ஆண் என்றே மாற்றிப் போட்டது. ஹில்டெகார்டுக்கு மடம் இருந்தது, திரோத்தாவுக்குப் பின்னால் அப்படி எந்த நிறுவனமும் இல்லை. திறமையில் குறைவில்லாதவரின் பெயரையே எளிதாக அழிக்க முடிந்ததற்கு அதுதான் காரணம்.

பாரிஸ் போன்ற நகரங்களில் பல்கலைக்கழகங்கள் எழுந்தபோது மகிஸ்டர் என்பது சட்டப் பொருள் கொண்ட பட்டமாயிற்று. கற்பிக்கும் உரிமம் பெற்று ஆசிரியர் சங்கத்தில் சேர்க்கப்பட்டவரே மகிஸ்டர். அந்தச் சங்கத்தில் பெண்ணுக்கு இடமில்லை. அதே பாரிஸில் எழுத்துப் பள்ளிகளில் பெண்கள் கற்பித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1380இல் நோத்ர்தாம் தேவாலயத்தின் அதிகாரி நகரின் சிறு பள்ளி ஆசிரியர்களைக் கூட்டியபோது வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கீழ்ப்பள்ளியில் கதவு திறந்திருந்தது, மேல்பள்ளியில் மூடியிருந்தது.

அந்தக் கதவு ஒருமுறை திறந்தது. வெனிஸைச் சேர்ந்த எலெனா கொர்னாரோ பிஸ்கோப்பியா 1678 ஜூன் 25 அன்று படுவா பேராலயத்தில் அரிஸ்டாட்டிலை விளக்கித் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றார். இறையியலில் பட்டம் கேட்டிருந்தார். கர்தினால் பர்பரிகோ மறுத்துவிட்டதால் தத்துவத்தோடு நின்றது. தலையில் இலைமாலை, விரலில் மோதிரம், தோளில் வெண்மயிர்ப் போர்வை என்று ஆண்களுக்கு உரிய அடையாளங்கள் எல்லாம் கிடைத்தன. முதல் கேள்விக்குப் பதில் உண்டு, பட்டத்தைக் கொடுத்தது பல்கலைக்கழகமே. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இல்லை. அவர் அங்கே பீடமேறிப் பாடம் நடத்தவில்லை. அடுத்து ஒரு பெண் முயன்றபோது படுவா மறுத்துவிட்டது. ஒருவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியது சலுகையே ஒழிய உரிமை ஆகாது. 1732இல் பொலோஞ்ஞாவில் லௌரா பாஸி பட்டத்தோடு கற்பிக்கும் பதவியும் பெற்றபோதுதான் பட்டமும் பணியும் ஒரு பெண்ணிடம் சேர்ந்தன.

சொல்லின் வாரிசுகளையும் பார்த்துவிடலாம். இத்தாலியில் 'மாயெஸ்த்ரோ' என்றால் இசைக்குழுவை நடத்தும் மேதை நினைவுக்கு வருவார். 'மாயெஸ்த்ரா' என்றால் தொடக்கப்பள்ளி ஆசிரியை. பிரான்சில் 'மெத்ர்' வழக்கறிஞரின் மரியாதைப் பெயர், 'மெத்ரெஸ்' பள்ளி ஆசிரியையையும் ஆசைநாயகியையும் குறிக்கும். ஆங்கிலத்தில் 'மிஸ்ட்ரஸ்' இதே வழியில் சரிந்தது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் ஆளுபவள், திறமைசாலி, ஆசிரியை என்று தொடங்கும் பொருள்கள் வைப்பாட்டியில் போய் முடிகின்றன. அந்த மிஸ்ட்ரஸின் சுருக்கமான 'மிஸ்' தமிழகப் பள்ளிகள்வரை வந்து சேர்ந்திருக்கிறது. ஆண்பால் கிளையும் வந்தது: ஆங்கிலத்தின் வழியே டீ மாஸ்டரும் டான்ஸ் மாஸ்டரும், போர்த்துக்கீசியத்தின் 'மெஸ்த்ரெ' வழியே கட்டட வேலையின் மேஸ்திரியும். மேஸ்திரி பெரும்பாலும் ஆண். கல்லும் மண்ணும் சுமக்கும் பெண் சித்தாள். சிறு ஆள் என்ற அந்தச் சொல் மினிஸ்டரின் அதே கணக்கைத் தமிழில் போடுகிறது. தமிழ்த் திரையுலகில் நடனம் அமைக்கும் பெண்களோ கலா மாஸ்டர், பிருந்தா மாஸ்டர் என்றே அழைக்கப்படுகிறார்கள். படப்பிடிப்பில் அந்த வேலைக்கு ஏற்கெனவே ஒரு பதவிப் பெயர் இருந்தது; அதை ஏற்று வந்த பெண்கள் ஆண்பால் பெயரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். அதிகாரம் குறையவில்லை. பதவி உறுதியாக இருந்தால் விகுதி அதைக் கெடுப்பதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

மறுமுனையில் கத்தோலிக்கத் திருச்சபை நிற்கிறது. 1961இல் திருத்தந்தை 23ஆம் யோவான் வெளியிட்ட சமூகச் சுற்றுமடலின் பெயர் 'மாத்தெர் எத் மகிஸ்ட்ரா', தாயும் ஆசிரியையும். திருச்சபைதான் அந்த ஆசிரியை. ஆனால் அதன் போதிக்கும் அதிகாரம் ஆண் ஆயர்களிடம் இருக்கிறது. சிசெரோவின் வரலாறு போலவே இதுவும் பெண்பால் பெயருக்கு இசைந்த பெண்பால் சிறப்பு. அவிலாவின் தெரேசாவும் சியன்னாவின் கத்தரீனும் திருச்சபையின் மறைவல்லுநர்களாக 1970இல் அறிவிக்கப்பட்டார்கள், ஹில்டெகார்ட் 2012இல். பல நூற்றாண்டு தாமதம் ஆனாலும் இந்த அங்கீகாரம் உருவகத்துக்குக் கிடைத்ததல்ல, பெயரும் எழுத்தும் உள்ள மனிதப் பெண்களுக்குக் கிடைத்தது. அதனால் இதன் எடை அதிகம்.

பெண்பால் வடிவத்தை வற்புறுத்துவது வீண் என்று இதிலிருந்து முடிவு கட்டினால் அதுவும் பிழை. ஆஸ்திரியாவில் பல்கலைக்கழகத்தின் மகிஸ்டர் பட்டம் பெற்ற பெண்கள் பலர் மகிஸ்ட்ரா என்றே பெயருக்கு முன் போட்டுக்கொள்கிறார்கள். தேர்வும் சட்டமும் வேலைவாய்ப்பும் பின்னால் நிற்பதால், ரோமில் ஏச்சாகவும் சலெர்னோவில் ஈரடியாகவும் இருந்த அதே சொல் அங்கே முழு எடையோடு நிற்கிறது. ஆண்பால் பன்மைக்குள் பெண்கள் மறைந்துபோனதால் வரலாறு எவ்வளவு இருண்டது என்று பார்த்தோம். பெயரைத் தெரியும்படி வைப்பது நாளைய ஆய்வாளருக்குச் செய்யும் உதவியும்கூட.

தீர்ப்பைச் சொல்லிவிடலாம். மகிஸ்டரும் மகிஸ்ட்ராவும் சம இணை என்பது இலக்கணத்தில் உண்மை, வரலாற்றில் பொய். மகிஸ்ட்ரா வெற்றுச் சொல் என்பதும் போனா தேயாவின் பொறுப்பாளர்களையும் ஹில்டெகார்டையும் மறந்தால்தான் சொல்லக்கூடிய வாதம். மகிஸ்டரின் எடை அரசிடமிருந்தும் படையிடமிருந்தும் பள்ளியிடமிருந்தும் வந்தது. மகிஸ்ட்ராவின் எடை நீண்ட காலம் பெண்களே நடத்திய அமைப்புகளிலிருந்து மட்டும் வந்தது. அந்த அமைப்பு இல்லாத இடங்களில் அவள் உருவகமாகவோ வசையாகவோ ஒருநாள் சலுகையாகவோ நின்றாள். எனவே லத்தீன் மொழி பெண்ணுக்கு ஆசிரியப் பதவி தந்தது என்ற பெருமையை அந்த மொழிக்கு நான் தரமாட்டேன். அது தந்தது விகுதி. பதவியைச் சம்பாதித்தவர்கள் மடத்தைப் பெயர்த்துக்கொண்டு போன துறவிகளும் பீடம் கேட்டு நின்ற பெண்களும்தான். ஒரு நிறுவனம் தன் ஆசிரியைகளை மதிக்கிறதா என்று அறிய விரும்புகிறவர், அது அவர்களை எந்தப் பாலில் அழைக்கிறது என்பதோடு நிறுத்தாமல், நியமன ஆணையில் யார் கையெழுத்து இருக்கிறது, முடிவெடுக்கும் கூட்டத்தில் யாருக்கு வாக்கு இருக்கிறது, ஊதியப் பட்டியலில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்பதைப் படித்துப் பார்க்க வேண்டும்.